டியூராண்ட் கோப்பைக்காக ஏழு நாள்: ஷில்லாங், கொல்கத்தா

ஆகஸ்ட் 25, 2024, ஞாயிறு: குவாஹாத்தி – ஷில்லாங்

குவாஹாத்தியில் இறங்கியதுமே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சென்னைப் புழுக்கம் பழகிய உடம்புக்கே தாங்கவில்லை. ஷேர் சூமோவில் ஆளுக்கு 400 ரூபாய். பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மச்சானுக்குப் பின்சீட்டு, காலை மடக்க இடமில்லை. உமியம் ஏரி வந்ததும் டிரைவர் கேட்காமலேயே வண்டியை ஓரம் கட்டினார். மேகம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. அங்கிருந்தே குளிர் ஆரம்பம்.

எதற்கு இவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்டார்கள். நான் வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவன். ஒவ்வொரு வருஷமும் நம் நாட்டு ஃபுட்பால் சீசனை டியூராண்ட் கோப்பைதான் திறந்து வைக்கும். 2024-25 சீசனில் அது முடிந்த கையோடு முதல்நிலை லீக்கான ஐ.எஸ்.எல்., அப்புறம் அதற்கு அடுத்த நிலையான ஐ-லீக், வருஷக் கடைசியில் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி என்று அடுத்த கோடை வரை ஓடியது. இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தேன். 1888இல் சிம்லாவில் தொடங்கிய போட்டி இது. இந்த வருஷம்தான் முதல்முறையாக ஷில்லாங்குக்கும் ஆட்டம் கொடுத்தார்கள். போன 21ஆம் தேதி காலிறுதியில் உள்ளூர் அணியான ஷில்லாங் லாஜோங் 2-1 என்று கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை வீட்டுக்கு அனுப்பியது. ஈஸ்ட் பெங்கால் போட்ட அந்த ஒரே கோலை அடித்தவர் நம்ம சென்னைப் பையன் நந்தகுமார். அவர் தோற்றது வருத்தம்தான். ஆனால் கடைசி விசிலுக்குப் பிறகு அந்த ஊர்ச் சனம் போட்ட சத்தம் போன் ஸ்பீக்கரையே அதிர வைத்தது. அன்று ராத்திரியே டிக்கெட் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷில்லாங் மூடிக்கிடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஊரே சர்ச்சுக்குப் போய்விடுகிறது. போலீஸ் பஜாரில் ஷட்டர் ஷட்டராகப் பார்த்துக்கொண்டு மழையில் நடந்தோம். பசி. தங்கிய வீட்டு அம்மாவிடம் போய் நின்றதும் எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிட்டது. பால் இல்லாத சிவப்புத் தேநீரும், அரிசி மாவில் சுட்ட ‘புதாரோ’வும் கொண்டுவந்து வைத்தார். ஓரம் முறுகாத வெள்ளை ஆப்பம் மாதிரி இருந்தது. மச்சான் ஐந்து தின்றான். அந்த அம்மா இன்னும் இரண்டு வைத்தார். காசு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்: ஷில்லாங், முதல் அரையிறுதி

காலையில் ஜாடோ கடை. ஆறு பேர் உட்கார இடம், ஒரே ஒரு பெஞ்சு. ஜாடோ என்றால் பன்றிக்கறியோடு சேர்த்து வேகவைத்த மஞ்சள் சோறு. பக்கத்தில் கறுப்பு எள் அரைத்துப் போட்ட பன்றிக்கறிக் குழம்பு, ஓரத்தில் ‘துங்தாப்’ என்ற கருவாட்டுச் சட்னி. வாயில் வைத்ததும் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. சுட்ட கருவாட்டை மிளகாயோடு அம்மியில் நசுக்கினால் என்ன வாசம் வருமோ அதே வாசம். தட்டு 80 ரூபாய். கடையை நடத்தியவர் ஓர் அம்மா, கல்லாவில் அவர் மகள். இங்கே கடைசிப் பெண்ணுக்குத்தான் வீடு போய்ச் சேரும். கடைத்தெருவில் கடை கடையாகப் பெண்கள்தான் முதலாளி. பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘கோங்’ என்று கூப்பிட வேண்டும், அக்கா மாதிரி. ஆண்களுக்கு ‘பா’. நான் ‘கோங், கணக்கு’ என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் கடையே சிரித்தது.

மூலைக்கு மூலை சின்னச் சின்ன மரப்பெட்டிக் கடைகள், வாசலில் எண் எழுதிய பலகை. ‘தீர்’ என்கிறார்கள். வில்லாளிகள் எய்யும் அம்புகளில் எத்தனை இலக்கில் தைக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் பணம் கட்டுகிற ஆட்டம். சட்டப்படி நடப்பது. அம்பு எய்கிற இடமும் ஃபுட்பால் மைதானமும் போலோ என்கிற பகுதியில் அடுத்தடுத்து.

சாயங்காலம் ஐந்தரைக்கு லாஜோங்குக்கும் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கும் ஆட்டம். மூன்றரைக்கே வரிசை சாலை வளைவைத் தாண்டிப் போயிருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. கேட்டில் குடைக்கு அனுமதி இல்லை. போட்டியை நடத்துவது ராணுவம், அதனால் கெடுபிடி. என்ன செய்வதென்று விழித்துக்கொண்டு மச்சானிடம் தமிழில் புலம்பியதைக் கேட்டு, கேட்டில் நின்ற ஒரு ஜவான் திரும்பினார்.

“அண்ணே, எந்த ஊரு?”

வேலூர்ப் பக்கத்துக்காரராம். இரண்டு வருஷமாக இங்கே போஸ்டிங். “அந்த மூலைல வச்சிட்டுப் போங்கண்ணே, ஒருத்தரும் தொட மாட்டாங்க” என்றார். பார்த்தால் அங்கே நூற்றுக்கணக்கில் குடைகள், மடித்து மடித்துச் சாத்தியிருந்தார்கள். எங்களுடையதையும் வைத்தோம்.

உள்ளே போனால் பாதிக்குப் பாதி பெண்கள். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், முதுகில் குழந்தையைக் கட்டிய தாய்மார்கள், கம்பளிச் சால்வை போர்த்திய பாட்டிமார். சென்னையில் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன், பாட்டிகளை வரிசையாகப் பார்த்ததில்லை. எனக்குப் பக்கத்துச் சீட்டில் அறுபது வயது இருக்கும் ஒரு கோங். இடுப்புப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்தார். சுண்ணாம்பை விரல் நுனியால் இழுத்துத் தடவி, பச்சைப் பாக்கில் ஒரு பெரிய துண்டோடு மடித்து என்னிடம் நீட்டினார். ‘குவாய்’. நம் ஊர்த் தாம்பூலம்தானே என்று வாயில் போட்டேன். உலர்ந்த பாக்கு இல்லை அது. அரை நிமிஷத்தில் காதுமடல் சுட்டது, நெற்றியில் வியர்வை, நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்தக் குளிரில், நனைந்த சட்டையோடு, உடம்பு முழுக்கச் சூடு பரவியது. அவர் என் தோளைத் தட்டி, மூச்சை மெல்ல விடும்படி கையால் காட்டினார்.

‘லாஜோங்’ என்றால் இந்த மலை மக்களின் காசி மொழியில் ‘நம்முடையது’ என்று அவர் பேரன் ஆங்கிலத்தில் சொன்னான். கிளப் தொடங்கியது 1983இல். ஐ-லீக்கிலிருந்து 2019இல் கீழே இறங்கி, மறுபடி ஏறி வந்த அணி. எதிரே இருப்பது ஐ.எஸ்.எல். அணி. பண பலம் வேறு, ஆள் பலம் வேறு. 13ஆவது நிமிஷத்தில் தோய் சிங் அடித்தார். 33இல் மொராக்கோக்காரர் அஜாரை. இரண்டாவது கோலுக்குப் பிறகும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. லாஜோங் பையன் ஒருவன் எல்லைக்கோட்டருகே விழுந்து பந்தை மீட்டதற்கு, கோல் போட்ட மாதிரிக் கைதட்டல். கடைசி நிமிஷங்களில் பார்த்திப் கோகோய் மூன்றாவதை அடித்து முடித்துவைத்தார். 3-0.

விசில் ஊதிய பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும். லாஜோங் பையன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. திட்டு இல்லை, பாட்டில் வீச்சு இல்லை. அந்த கோங் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். பிறகு ஜெயித்தவர்களுக்கும் தட்டினார். தோற்ற அன்று கூட நிற்பவர்களுக்குத்தான் ‘நம்முடையது’ என்று சொல்லும் உரிமை இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

வெளியே வந்தால் எங்கள் குடைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. இருட்டில் ஆளாளுக்குத் தங்கள் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு நிதானமாகப் போனார்கள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்: கொல்கத்தா, இரண்டாவது அரையிறுதி

விடிகாலை நாலு மணிக்கு மலை இறங்கினோம். குவாஹாத்தியில் விமானம் ஏறி மதியம் கொல்கத்தா. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, நாள்தான் சரியில்லை. அன்றைக்கு மாணவர்கள் ஹவுராவில் இருக்கும் தலைமைச் செயலகமான நபன்னாவை நோக்கிப் பேரணி. ஆகஸ்ட் 9ஆம் தேதி அரசு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர் ஒரு பெண் கொல்லப்பட்டதிலிருந்து நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. ஹவுரா பாலம் மூடல், கண்ணீர்ப் புகை, தண்ணீர் பீய்ச்சல் என்று செய்தி. எங்களுக்கு அறை தர்மதல்லாவில். மூன்று வண்டிக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் தலையாட்டிவிட்டார்கள். நாலாவது ஆள், “ஸ்டேடியம் வரைக்கும் விடறேன், அதுக்கு மேல இன்னிக்கு முடியாது தாதா” என்றார். வங்காளத்தில் ‘தாதா’ என்றால் அண்ணன். 500 ரூபாய். மூட்டை முடிச்சோடு சால்ட் லேக் ஸ்டேடியம் வாசலில் இறங்கினோம்.

பையோடு உள்ளே விடமாட்டார்கள். நாலு பெரிய பை. எதிரே ஒரு டீக்கடை, நீலத் தார்ப்பாய் கட்டியது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், தோளில் சிவப்பும் மஞ்சளுமாகத் துண்டு. ஈஸ்ட் பெங்கால் நிறம். தயங்கித் தயங்கிக் கேட்டேன். எந்த ஊர் என்றார். சென்னை என்றதும் பாலைக் கிளறுவதை நிறுத்திவிட்டார்.

“நந்தா!” என்றார்.

போன வருஷம் ஆகஸ்ட் 12. இதே ஸ்டேடியம், இதே டியூராண்ட் கோப்பை. பரம எதிரியான மோகன் பகானை நாலரை வருஷமாக ஜெயிக்கவே முடியாமல் இருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு அன்று வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்து ஒரே கோல் போட்டு ஜெயித்துக் கொடுத்தவர் நந்தகுமார். அந்த ராத்திரி இந்தக் கடையில் எல்லோருக்கும் இலவச டீயாம். எங்கள் பைகளை வாங்கி பெஞ்சுக்கு அடியில் தள்ளி மேலே சாக்கைப் போட்டு மூடினார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒன்பது நாளைக்கு முன்னால் இங்கே நடந்ததையும் அவர்தான் சொன்னார். 18ஆம் தேதி நடக்க வேண்டிய மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தை, பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ரத்து செய்துவிட்டார்கள். ரசிகர்கள் வீட்டில் இருக்கவில்லை. இரண்டு கிளப்காரர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங்காரர்களும் சேர்ந்து மழையில் இந்தச் சாலையில் கூடி, அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. “நூறு வருஷமா அடிச்சுக்கிட்டவங்க நாங்க. அன்னிக்குத் தோள்ல தூக்கிக்கிட்டோம்” என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிரே பெங்களூரு. சேத்ரி பெனால்டியில் ஒன்று, இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் வினித் இன்னொன்று. 0-2. பக்கத்தில் இருந்த பையன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தான். 68இல் பெட்ராடோஸ் பெனால்டி. 84இல் அனிருத் தாப்பா தூரத்திலிருந்து அடித்த அடி வலைக்குள் போனபோது, முன்வரிசைக்காரர் திரும்பி முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்தப் போட்டியில் கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டி. கீப்பர் விஷால் கைத் இரண்டைத் தடுத்தார். 4-3.

பைகள் வைத்த இடத்தில் இருந்தன. மெட்ரோ பிடித்து சியால்டா, அங்கிருந்து நடை. அறைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

ஆகஸ்ட் 28, புதன்

பன்னிரண்டு மணி நேர பந்த். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அரசு பஸ் டிரைவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். கடை ஒன்றும் இல்லை. லாட்ஜ் பையன் தன் டப்பாவிலிருந்து பொரியை எடுத்துக் கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்து செய்தித்தாளில் கொட்டிக் கொடுத்தான். கடுகெண்ணெய் மூக்கில் ஏறியது. அதுதான் அன்றைய சாப்பாடு. தூங்கினோம்.

ஆகஸ்ட் 29, வியாழன்: மைதான்

கொல்கத்தாவில் ‘மைதான்’ என்று சொன்னால் ஒரு மைதானம் இல்லை. ஊர் நடுவே கண்ணுக்கு எட்டுமட்டும் புல்வெளி, அதில் கிளப் கிளப்பாகக் கூடாரங்கள். இன்னும் ‘டென்ட்’ என்றே சொல்கிறார்கள், கட்டடம் ஆகிப் பல காலமானாலும். கல்கத்தா லீக் 1898இலிருந்து நடக்கிறது. ஆசியாவிலேயே பழைய லீக்குகளில் ஒன்று.

மோகன் பகான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். 1911 ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி. ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் வெள்ளைச் சிப்பாய்களை 2-1 என்று தோற்கடித்தார்கள். பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் மிதிக்கும் என்று தெரிந்தே வெறுங்காலோடு இறங்கினார்கள். வியாசர்பாடி முல்லை நகரில் நாங்களும் செருப்பைக் கோல் கம்பமாக வைத்துவிட்டு வெறுங்காலில்தான் ஆடினோம். நகம் பெயர்ந்தால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

கிளப் கேன்டீனில் டோஸ்டும் சிக்கன் ஸ்டூவும். 120 ரூபாய். ஸ்டூ என்றால் குழம்பு இல்லை, மிளகு மிதக்கும் தெளிந்த ரசம் மாதிரி, பப்பாளிக்காய்த் துண்டும் கேரட்டும் ஒரு கறித்துண்டும். காலையில் பயிற்சி முடித்த பையன்களுக்காக வந்த சாப்பாடு என்றார்கள். ஆடாத எனக்கும் இதமாகத்தான் இருந்தது.

அடுத்த மேசையில் இரண்டு கிழவர்கள், ஒருவர் மோகன் பகான், ஒருவர் ஈஸ்ட் பெங்கால். கட்சிக்கு ஏற்ற மீன் பற்றி வாதம். ஈஸ்ட் பெங்காலுக்கு இலிஷ், மோகன் பகானுக்கு இறால். நாங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும் ஈஸ்ட் பெங்கால் தாத்தா, “குலோத்துங்கன் ஊரா?” என்றார். என் கை அப்படியே நின்றுவிட்டது. தஞ்சாவூர்க்காரர் காலியா குலோத்துங்கன். இரண்டு பெரிய கிளப்புக்கும் ஆடியவர். 2018இல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இங்கே ஒரு கிழவர் டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவியபடியே கேட்கிறார். “அந்தப் பையன் பாஸ் குடுத்தா காலுக்கே வந்து சேரும்” என்றார் அவர். தூரத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று எங்கள் பில்லையும் அவரே கட்டிவிட்டார். மோகன் பகான் தாத்தா, போட்டி போட்டுக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார், மண் குவளையில்.

வெளியே சேற்றில் பொடிப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஆள் குறைவு என்று மச்சானைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிஷம் ஆடினான். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நாள் முழுக்க மழை. மதியம் ஒரு பழைய மெஸ்ஸில் கடுகு அரைத்த இலிஷ் துண்டு 300 ரூபாய், சோறு தனி. முள் ஒவ்வொன்றாக விலக்கித் தின்ன முக்கால் மணி நேரம் ஆனது. பரிமாறியவர் வாய்விட்டுச் சொல்லாமல், பக்கத்தில் நின்று முள் எங்கே இருக்கும் என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். மாலையில் லேக் மார்க்கெட் பக்கம் போய் இட்லி தின்றோம். தமிழ்க் குரல் காதில் விழுந்ததே தெம்பாக இருந்தது.

ஆகஸ்ட் 31, சனி: இறுதி ஆட்டம்

மோகன் பகான், நார்த்ஈஸ்ட் யுனைடெட். மோகன் பகான் இந்தக் கோப்பையைப் பதினேழு தடவை வாங்கிய அணி. நார்த்ஈஸ்ட் 2014இல் தொடங்கியதிலிருந்து ஒரு கோப்பைகூடத் தொட்டதில்லை.

இதே ஸ்டேடியத்தில் 1997இல் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்துக்கு 1,31,000க்கும் மேல் கூட்டம் என்பார்கள். இன்று அவ்வளவு இல்லைதான், ஆனாலும் மேல்தட்டு வரை பச்சையும் மெரூனும். 11ஆவது நிமிஷத்தில் கம்மிங்ஸ் பெனால்டி. இடைவேளைக்குச் சற்று முன் சஹால். 2-0. எங்கள் வரிசையில் லட்டு வந்தது. நானும் எடுத்துக்கொண்டேன்.

55இல் அஜாரை. 58இல் கில்லெர்மோ. மூன்று நிமிஷத்தில் எல்லாம் மாறிப்போனது. அத்தனை ஆயிரம் பேர் இருந்த இடத்தில், எதிர்மூலையில் உட்கார்ந்திருந்த நூறு நூற்றைம்பது வடகிழக்குப் பிள்ளைகளின் குரல் தனியாகக் கேட்டது. எனக்கு ஷில்லாங் கோங் ஞாபகம்தான். தன் ஊர்ப் பையன்களைத் தோற்கடித்த அணிக்கும் கை தட்டினவர். இந்த நேரம் அவர் எங்கேயோ டி.வி. முன்னால் பாக்கு மடித்துக்கொண்டிருப்பார்.

மறுபடி பெனால்டி. நார்த்ஈஸ்ட் கீப்பர் குர்மீத் சிங். முதலில் லிஸ்டன் கொலாசோ அடித்ததைத் தடுத்தார். கடைசியாகக் கேப்டன் சுபாஷிஷ் போஸ் வந்தார். பந்தை வைத்தார், இரண்டு தடவை திருப்பி வைத்தார். அடித்தார். குர்மீத் சரியான பக்கம் விழுந்தார். 4-3. எங்கள் வரிசையில் லட்டு டப்பா வைத்திருந்தவர் மூடியைப் போட்டு மெல்ல அழுத்தி மூடினார்.

பாதிக் கூட்டம் போய்விட்டது. மீதிக் கூட்டம் பரிசளிப்பு வரைக்கும் இருந்தது. நாங்களும் இருந்தோம்.

வெளியே டீக்கடை. ஈஸ்ட் பெங்கால்காரர், எதிரி தோற்றதற்குக் கொண்டாடுவார் என்று நினைத்தேன். மோகன் பகான் பையன்கள் நாலைந்து பேர் அவர் பெஞ்சில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் ஆளுக்கொரு குவளை நீட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் வந்தது. நான் இருபது ரூபாய் நீட்டினேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்.

“அன்னிக்கு நீங்க விருந்தாளி தாதா. இன்னிக்கு நம்ம ஸ்டேடியத்துல ரெண்டு மேட்ச் பார்த்தவங்க.”

குவளையை எங்கே போடுவது என்று மச்சான் தேடினான். கடைக்குப் பக்கத்தில் உடைந்த மண் குவளைகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, மழையில் ஊறிக் கிடந்தன. இரண்டையும் அதன் மேல் போட்டுவிட்டு மெட்ரோவுக்கு நடந்தோம்.